பேட்ச்சா, மாத்திரையா? ஏடிஎச்டி மருந்துக்கு முன் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்குப் போடுங்கள்

மே மாதம் வந்தால் எங்கள் மருந்துக் கடையில் கேட்கும் கேள்விகளே மாறிவிடும். கிருஷ்ணகிரிக்கு அது மாங்காய் சீசன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வருகிற சீசனும் அதுதான். கையில் ஒரு காலி உறையைப் பிடித்துக்கொண்டு, "இது இங்கே கிடைக்குமாண்ணா?" என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார்.

இந்த முறை ஏடிஎச்டி பேட்ச் பற்றி மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஏடிஎச்டி என்பது பிள்ளைக்குக் கவனம் நிற்காமல், துறுதுறுப்பு அடங்காமல் இருக்கும் கோளாறு. பேட்ச் என்பது அதற்கான மருந்தைத் தோலில் ஒட்டும் ஸ்டிக்கர். தருமபுரியிலிருந்து ஒரு அம்மா. மகன் நான்காவது படிக்கிறான். டாக்டர் எழுதிய மாத்திரையில் மதிய வேளை பள்ளிக்கூடத்தில் தவறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் நாத்தனார், "காலையில் இடுப்பில் ஒட்டிவிட்டால் போதும், நான் வாங்கிவருகிறேன்" என்கிறாராம். அடுத்தவர் ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு அப்பா. குடும்பத்தோடு டெக்சாஸ் போகிறார். அங்கே போனதும் மகளைப் பேட்ச்சுக்கு மாற்றலாமா என்று யோசனை. மூன்றாவது ஆள் என் சொந்த அக்கா. நியூஜெர்சியில் இருக்கிறாள். பத்து வயது மகனுக்கு அங்கே பேட்ச்தான். லீவுக்கு வரும்போது அதையே எடுத்துவரட்டுமா, வேறு மருந்துக்கு மாறி வரட்டுமா என்று கேட்டாள்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதைக் குழந்தைகள் மனநல மருத்துவரோ குழந்தை நல மருத்துவரோதான் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது, எதைச் சொல்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது "எது பவர்ஃபுல்?" என்றுதான். அதை விடுங்கள். பேட்ச்சில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே மருந்து, மெத்தில்ஃபெனிடேட். வித்தியாசம் அது உடம்புக்குள் போகும் வழியிலும் தங்கும் நேரத்திலும்தான்.

நான் பார்க்கச் சொல்வது முக்கியமாக ஒன்றை: மருந்து எத்தனை மணிக்கு ஓய வேண்டும்? எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் யோசிக்கிறார்கள். ஓய்வதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இந்த வகை மருந்துகள் பசியை அடக்கும், தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஏழு மணிக்கு ஓய்ந்தால் பிள்ளை ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குத் தூங்கும். பத்து மணிக்கு ஓய்ந்தால் பதினொன்றரைக்கு எழுந்து வந்து "பசிக்குது" என்று நிற்கும்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டியவை: பிள்ளைக்கு மாத்திரை விழுங்க வருமா? தோல் எப்படி, சின்னச் சின்னதுக்கெல்லாம் தடிக்கிற தோலா? வீட்டில் தவழுகிற, கண்டதை எடுத்து வாயில் வைக்கிற குழந்தை இருக்கிறதா? மருந்து சட்டப்படி எங்கே கிடைக்கும், அதை வாங்க எத்தனை முறை பஸ் ஏற வேண்டும்?

எந்த வடிவில் கொடுத்தாலும் மாறாத சில உண்டு. தொடங்கும் முன்பே பிள்ளையின் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் குறித்துவைக்க வேண்டும், பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்போ இதயக் கோளாறோ இருந்திருந்தால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் மருந்துக்கு முன் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதல் வழி. பெரிய பிள்ளைகளுக்கும் அந்தப் பயிற்சி மருந்தோடு சேர்ந்தே போக வேண்டும்.

## பேட்ச்

அமெரிக்காவில் இதில் இரண்டு வகை உண்டு. டேட்ரானா என்ற மெத்தில்ஃபெனிடேட் பேட்ச்சுக்கு 2006-இல் 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது, 2010-இல் 17 வயது வரை நீட்டித்தார்கள். ஸெல்ஸ்ட்ரிம் என்பது டெக்ஸ்ட்ரோஆம்பெட்டமின் பேட்ச். 2022-இல் வந்தது, 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும். முதல் வகையை இடுப்பின் பக்கவாட்டில் மட்டும்தான் ஒட்ட வேண்டும், ஒரு நாள் வலது, மறுநாள் இடது. இரண்டாவதை மேல்கை, மேல்முதுகு போன்ற இடங்களிலும் ஒட்டலாம். இரண்டுமே இந்தியக் கடைகளுக்கு வரவில்லை.

இதன் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுங்க வேண்டாம். மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுகிற பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. சாப்பிட்டானா இல்லையா என்று பார்க்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல், நினைத்த நேரத்தில் உரித்துவிடலாம். விழுங்கிய மாத்திரையை மதியம் திரும்ப எடுக்க முடியாது, ஒட்டியதை எடுக்கலாம். சாயங்காலம் கல்யாண வீட்டுக்குப் போகிறோம், பிள்ளை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றால் அன்றைக்குச் சீக்கிரமே உரித்துவிடலாம். உரித்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வேகம் இறங்கிவிடும்.

இதைக் கேட்டுத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பிள்ளையின் நாளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

### ஒன்பது மணி நேரக் கணக்கு

பேட்ச் ஒட்டி வேலை தொடங்க இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. தருமபுரி அம்மாவின் மகனுக்கு ஸ்கூல் பஸ் காலை 7.05. முதல் பீரியட் 8.45. அப்படியானால் 6.45-க்கு ஒட்ட வேண்டும். சரி, ஒட்டிவிடலாம். ஒன்பது மணி நேரம் எப்போது முடிகிறது? மாலை 3.45. அப்போது அவன் வகுப்பில் இருக்கிறான். பஸ் ஊரெல்லாம் சுற்றி வீடு வந்து சேர 5.20.

யார் உரிப்பது? இடுப்பில், நிக்கருக்குள் ஒட்டியிருப்பதை டீச்சர் உரிப்பாரா? அவனே பாத்ரூமுக்குப் போய் உரித்தால், உரித்ததை எங்கே போடுவான்? ஒட்டுவதைத் தள்ளி 8.20-க்கு ஒட்டலாம் என்றால் அந்த நேரத்தில் அவன் பஸ்ஸில் இருப்பான். வீட்டுக்கு வந்ததும் உரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் பத்தரை மணி நேரம் தாண்டிவிடும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடும் போச்சு, தூக்கமும் போச்சு.

அமெரிக்காவில் அக்கா வீட்டில் இது சரியாக நடக்கிறது. பள்ளி மூன்று மணிக்கு முடிகிறது, மூன்றரைக்கு அவள் வீட்டில் இருக்கிறாள். பேட்ச்சின் பெரிய வசதி என்று சொல்லும் அந்த "எப்போது வேண்டுமானாலும் உரிக்கலாம்", மாலை நான்கு மணிக்குப் பெரியவர் ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான். பஸ், டியூஷன் என்று ஏழு மணி வரை வெளியே இருக்கும் பிள்ளைக்கு அந்த வசதியால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

### தோல்

ஒட்டிய இடம் கொஞ்சம் சிவப்பது சகஜம், ஒரு நாளில் மறைந்துவிடும். பேட்ச்சின் எல்லையைத் தாண்டிச் சிவப்புப் பரவினாலோ, வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு மேல் ஒட்டாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. பேட்ச் மூலம் மெத்தில்ஃபெனிடேட்டுக்கு உடம்பு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தாலும் சேராமல் போகலாம். இங்கே நமக்குக் கிடைப்பது அந்த மாத்திரைதான். கிடைக்காத பேட்ச்சுக்கு ஆசைப்பட்டுக் கிடைக்கிற மாத்திரையையும் இழக்கிற ஆபத்து அது.

2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டேட்ரானா பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: சிலருக்குத் தோலின் நிறம் போய் வெள்ளையாகிவிடுகிறது, அது திரும்பாமலே போகலாம். ஒட்டிய இடத்தில் மட்டுமல்ல, ஒட்டாத இடத்திலும் வந்திருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாலும், நம் ஊரில் தோலில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தால் என்னென்ன பேசுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. குடும்பத்தில் யாருக்காவது வெண்புள்ளி இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

### வெயிலும் எண்ணெயும்

பேட்ச்சை 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், அதன் உறையிலேயே வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. மே மாதம் கிருஷ்ணகிரியில் ஷீட் போட்ட வீட்டின் அலமாரிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கை விட்டுப் பார்த்தால் தெரியும். நிறுத்திவைத்த காரின் டேஷ்போர்டு பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒட்டிய பிறகு மேலே சூடு பட்டால் இன்னும் மோசம். ஹீட்டிங் பேட் மாதிரி சூடு பட்டால் மருந்து உள்ளே இறங்கும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். வயிற்று வலி என்று வெந்நீர்ப் பை வைப்பது, மினிபஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் இடுப்பு படும்படி உட்காருவது, இதெல்லாம் பேட்ச் ஒட்டியிருக்கும்போது கூடாது.

அப்புறம் எண்ணெய். போன முறை அக்கா மகனை ஒகேனக்கல் கூட்டிப்போனோம். அங்கே போய்விட்டு ஆயில் மசாஜும் அருவிக் குளியலும் இல்லாமல் யார் திரும்புவார்கள்? மறுநாள் காலை ஒட்டிய பேட்ச் பத்து மணிக்கே பாதி உரிந்து தொங்கியது. எங்கள் அம்மா, அவனுக்கு ஆயா, உடனே ரத்தக் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை எடுத்துவந்து மேலே ஒட்டப் போனார். தடுத்தேன். உரிந்ததைப் பிளாஸ்திரியோ டேப்போ போட்டு மறுபடி ஒட்டக் கூடாது. புதியதை வேறு இடத்தில் ஒட்டலாம், ஆனால் காலையில் முதலில் ஒட்டிய நேரத்திலிருந்துதான் ஒன்பது மணி நேரக் கணக்கு.

ஒட்டும் இடம் சுத்தமாக, ஈரமில்லாமல், எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். காயம், சொறி உள்ள இடம் வேண்டாம். நிக்கர் எலாஸ்டிக் உரசுகிற இடமும் வேண்டாம். உறையைப் பிரித்த உடனே ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதியாக வெட்டி ஒட்டுவது கூடவே கூடாது. பசைப் பக்கத்தைத் தொட்டுவிட்டால் கையைக் கழுவ வேண்டும். உரித்த பிறகு தோலில் பிசின் நின்றால் அப்போது எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். ஒட்டிய நேரம், உரித்த நேரம் இரண்டையும் காலண்டரிலாவது குறித்து வையுங்கள். அப்பா ஒன்று, பாட்டி ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு ஒட்டுப்படாமல் இருக்க வேறு வழி இல்லை.

### உரித்த பேட்ச்

இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒகேனக்கல் போய்வந்த மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அக்கா தன் மகனுக்குப் பேட்ச்சை உரித்தாள். அப்படியே முகம் கழுவப் போனவள், குளிக்கப் போகிறபோது ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவோமே, அந்தப் பழக்கத்தில் அதையும் வாஷ்பேசின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்துவிட்டாள். வெயிலில் பசை தளர்ந்து அது எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து என் தம்பி மகள், இரண்டு வயது, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து நின்றாள். "பொட்டு" என்றாள். தொப்புளுக்குப் பக்கத்தில் பேட்ச் ஒட்டியிருந்தது.

உரித்தோம், சோப்புப் போட்டுக் கழுவினோம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரி வரை நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது, வாயில் வைத்தாளா என்று டாக்டர் கேட்டதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

"உரித்துவிட்டோமே, தீர்ந்துபோனதுதானே" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள். தீர்வதில்லை. ஒன்பது மணி நேரத்தில் 20 மி.கி. மருந்து விடுகிற டேட்ரானா பேட்ச்சுக்குள் மொத்தம் 55 மி.கி. இருக்கிறது. உரிக்கும்போது 35 மி.கி. மிச்சம். 10 மி.கி. மாத்திரையாகப் பார்த்தால் மூன்றரை மாத்திரை. அதைத்தான் நாங்கள் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தோம்.

உரித்த உடனே பசைப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து அழுத்திவிட வேண்டும். பிறகு கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடலாம், அல்லது பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி போட்ட டப்பாவில் போடலாம். குப்பைக் கூடையில் திறந்தபடி போடாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் ஆபத்து.

### சட்டம்

மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்பெட்டமினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் மனமயக்கப் பொருள்கள். அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்வது குற்றம். "பார்சலில் அனுப்பிவிடு" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நாத்தனார் தன் பெட்டியில் உங்கள் மகனுக்காக எடுத்துவருவதும் சரியில்லை, அந்த மருந்துக்கு உங்கள் மகன் பெயரில் சீட்டு இல்லையே. அக்கா மகன் மாதிரித் தன் பெயரில் எழுதிய மருந்தைத் தானே பயன்படுத்துகிறவர், மருந்துச் சீட்டோடு, கடை லேபிள் உள்ள அசல் பெட்டியில், பயணத்துக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்துவருவது வேறு விஷயம். கிளம்பும் முன் விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அப்போதும் நல்லது.

## குறுகிய நேர மாத்திரை

அரை மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். டாக்டர்கள் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மதியத்துக்குள் இறங்கிவிடும், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கவும் வசதி.

தொல்லை மதிய வேளையில்தான். டிபன் பாக்ஸோடு மாத்திரையை அனுப்பினால் அது பையின் அடியில் நோட்டுக்கிடையே கிடக்கும். டீச்சரிடம் கொடுத்தால் சிலர் பொறுப்பாகக் கொடுப்பார்கள், சிலர் "எங்களுக்கு எதுக்குங்க வம்பு" என்பார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துவிட்டு வைக்கும் பட்டப்பெயர் தனிக் கதை. ஓய்கிற நேரத்தில் சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள், அது ஒரு நாளில் இரண்டு முறை நடக்கும். மதிய வேளை தேவைப்படாத பிள்ளைக்கும், மருந்தைப் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கும் இது நல்லது.

## நீண்ட நேர மாத்திரை

காலையில் ஒன்று. தயாரிப்பைப் பொறுத்து எட்டு மணி நேரமும் தாங்கும், பன்னிரண்டு மணி நேரமும் தாங்கும். அதனால் "லாங் ஆக்டிங்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வராமல், "எத்தனை மணி நேரம் டாக்டர்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டியூஷன் முடியும்வரை கவனம் வேண்டுமா, சாயங்காலம் பசி வேண்டுமா என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்கும் எதை எழுதுவது என்று தெரியும்.

இதை முழுசாக விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. பொடித்தால் நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். கன்செர்டா வகை மாத்திரையில் மருந்து கரைந்த பிறகும் கூடு மட்டும் கரையாமல் மலத்தோடு வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டு "மாத்திரை அப்படியே வந்துடுச்சு" என்று பயந்து இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள்.

விழுங்க வராத பிள்ளைக்குப் பழக்கலாம். சின்ன மிட்டாயில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் பல பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். மதியம் பசி இருக்காது என்பதால் காலையில் மாத்திரைக்கு முன்பே கனமாகக் கொடுத்துவிட வேண்டும். பிரெட்டும் ஜாமும் காணாது. களியோ, முட்டையோடு தோசையோ போகட்டும்.

இதன் மறைமுகச் செலவு சீட்டில் இருக்கிறது. குறுகிய நேரமோ நீண்ட நேரமோ, மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்று போட்டிருக்கும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். என் கடைக்கு அது இல்லை. சின்ன ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. போன் வழி ஆலோசனையிலும் வாங்க முடியாது, 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இந்த வகை மருந்தை எழுதுவதைத் தடை செய்கிறது.

ஆக, சீட்டு தீரும்போதெல்லாம் ஒரு பயணம். தருமபுரிக்காரர் சேலத்துக்கு 65 கிலோமீட்டர் வாக்கில் போவார், கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூருக்கு 90 வாக்கில். பெங்களூரின் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருப்பது நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, பஸ் போகிற வழிதான். ஆனாலும் ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் செலவு, பிள்ளைக்கு ஒரு நாள் லீவு. மாத்திரை விலையைவிட இது அதிகம். வெளியூர் கிளம்பும் முன் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவையும், டிஇஐசி என்கிற குழந்தை வளர்ச்சி மையத்தையும் கேட்டுப் பாருங்கள். ஏடிஎச்டி அந்த மையங்கள் பார்க்கும் பட்டியலில் உள்ளதுதான்.

## அட்டோமாக்ஸெடின்

இது மெத்தில்ஃபெனிடேட் மாதிரித் தூண்டுமருந்து இல்லை, வேறு வகை. ஷெட்யூல் எக்ஸ் தொந்தரவு கிடையாது, டாக்டர் சீட்டு இருந்தால் சாதாரண மெடிக்கலிலேயே வாங்கலாம். நாள் முழுக்க வேலை செய்யும். ஆனால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாவது நாளே "ஒன்றும் தெரியலண்ணா" என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள்.

குமட்டல், தூக்கக் கலக்கம், பசிக்குறைவு வரலாம், சாப்பாட்டோடு கொடுத்தால் குமட்டல் குறையும். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாலில் கலக்கக் கூடாது, அந்தப் பொடி கண்ணில் பட்டால் எரியும். சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை இதற்கு உண்டு. தொடங்கிய மாதங்களில் பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினாலோ, செத்துப்போவது பற்றிப் பேசினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தூண்டுமருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு, மாதாமாதம் பயணம் போக வழியே இல்லாத குடும்பத்துக்கு, இதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

## ஒரு பார்வையில்

| | பேட்ச் | குறுகிய நேர மாத்திரை | நீண்ட நேர மாத்திரை | அட்டோமாக்ஸெடின் |
|---|---|---|---|---|
| வேலை தொடங்க | 2 மணி நேரம் | அரை மணி நேரத்துக்குள் | 1 மணி நேரம் வாக்கில் | 4–6 வாரம் |
| ஓய்வது | உரித்து 2–3 மணி நேரத்தில் | 3–4 மணி நேரத்தில் | 8–12 மணி நேரத்தில் | நாள் முழுக்க இருக்கும் |
| விழுங்க வராத பிள்ளை | பிரச்சினை இல்லை | டாக்டரைக் கேட்டுப் பொடிக்கலாம் | பழக்க வேண்டும் | பழக்க வேண்டும் |
| வெயில், வியர்வை | பெரிய பிரச்சினை | இல்லை | இல்லை | இல்லை |
| இங்கே வாங்க | கிடைக்காது | இரட்டைச் சீட்டு, தனி லைசென்ஸ் கடை | அதேதான் | சாதாரணச் சீட்டு |
| கண்ணில் படாத செலவு | தோல், உரித்ததை அழிப்பது | மதிய வேளை | பயணம், மதியப் பசி | காத்திருப்பு |

## மூன்று பேருக்கும் சொன்னது

ஓசூர்க்காரருக்கு: அங்கே போய் மகள் பள்ளி நேரம் தெரிந்த பிறகு யோசியுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, விழுங்குகிறாள் என்றால் மாற்ற ஒரு காரணமும் இல்லை. மாற்றுவதாக இருந்தாலும் "இங்கே 20, அங்கேயும் 20" என்று நேராக மாறிவிட முடியாது. பேட்ச்சில் சிறிய அளவிலிருந்துதான் மறுபடி ஏற வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். புதுப் பள்ளியின் முதல் மாதத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு: அவள் டாக்டர் சம்மதித்ததால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நீண்ட நேர மாத்திரைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். பையனுக்கு ஒத்துக்கொண்டது. கிணற்றில் குதித்தான், வியர்த்தான், மறுபடி ஒகேனக்கல் போனான். சின்னவள் மட்டும் கொஞ்ச நாள் அவன் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேட்ச்சோடுதான் வர வேண்டும் என்கிறவர்களுக்கு: மூடி உள்ள டப்பா ஒன்று, நேரம் எழுத ஒரு தாள், ஏசி அல்லது வெயில் படாத குளுமையான அறை, ஒட்டவும் உரிக்கவும் ஒரே ஆள். பேட்ச் ஒட்டியிருக்கும்போது பிள்ளைக்கு நெஞ்சு வலியோ, மயக்கமோ, படபடப்போ, இல்லாததைப் பார்ப்பதோ கேட்பதோ இருந்தால் முதலில் பேட்ச்சை உரித்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். உரித்த பிறகும் மருந்து சில மணி நேரம் உடம்பில் இருக்கும் என்பதால் "சரியாகிவிடும்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தருமபுரி அம்மாவிடம் நாத்தனாரை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அடுத்த முறை சேலம் போகும் முன் ஒரு வாரம் மகனின் நாளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: எழுந்தது, சாப்பிட்டது, மாத்திரை, பஸ், பள்ளி, டியூஷன், தூங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். கோடு போட்ட நோட்டில் ஏழு நாள். மதிய மாத்திரை நான்கு நாள் போகவில்லை. மாத்திரை உள்ளே போன இரண்டு நாளிலும் டிபன் பாக்ஸ் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது, போகாத நாளில் காலியாக வந்திருக்கிறது. இதை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள், ஒரு மாத்திரையாக மாற்ற முடியுமா, அது எத்தனை மணிக்கு ஓயும் என்று கேளுங்கள் என்றேன். வியாழக்கிழமை போகிறார்கள்.